மூன்றாம் எண்

கிசுமுவில் மீன் உறைவிக்கும் ஆலையின் வாசலில்
இரவுக் காவல் எனக்கு.
பின்லாந்தின் மூன்றாம் பிரிவை யாரடா பார்ப்பார்கள்
என்று கேட்டான் ஒக்வேனோ.
யாரும் பார்க்காததால்தான், என்றேன்.
அவன் பதினான்கு பெரிய அணிகளை
ஒரே சீட்டில் கோப்பவன்.
பதின்மூன்று வெல்லும், ஒன்று கவிழ்க்கும்,
அந்த ஒன்றைத் திங்கள்வரை திட்டுவான்.
பெரிய ஆட்டங்களின் விலையை
ஆயிரம் பேர் உரசிப் பார்த்தாயிற்று.
இங்கேதான் விலை போடுகிறவன்
கொஞ்சம் கண்ணயர்கிறான்.

கோடையில் அவர்கள் கடிகாரமும் என் கடிகாரமும்
ஒரே மணி காட்டும்.
வெளிச்சம்தான் வேறு.
இங்கே கொசுவத்தி பாதி எரிந்துவிட்டது,
அங்கே ஒன்பது மணிக்கும்
கோல்கம்பத்தின் நிழல்
பெனால்டிக் கட்டத்தைத் தாண்டிக் கிடக்கிறது.

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில்
லாரி எண்களுக்குக் கீழே எழுதியிருக்கிறேன்:
கூசிவிர்தா அணி.
நான்கு, மூன்று, மூன்று என்று இறங்குவார்கள்.
பந்து கிடைத்தால் ஐந்து பேர் முன்னால்,
இரண்டே பேர் பின்னால்.
இடது பின்காப்பில் மூன்றாம் எண், லெஹ்தோசாரி.
மேலேறப் பிடிக்கும், திரும்பி வரப் பிடிக்காது.
அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு
அவன் முதுகுக்குப் பின்னே
ஒரு லாரி திரும்பும் அளவுக்கு இடம்.

ஏழு ஆட்டம் பார்த்தேன்.
ஒரு ஷில்லிங் வைக்கவில்லை.
த்ரோ எடுக்குமுன் வலது மூட்டைத் தடவுவான்.
தப்பு செய்தால் சட்டைக் கழுத்தைக் கடிப்பான்.
அவனைத் திட்டும் கோச்சின் குரல்
காலி பெஞ்சுகளில் மோதி என் கூண்டுக்குள் வரும்.
மொழி தெரியாது, ஆனாலும்
ஒவ்வொரு வசவும் புரிந்தது.

எட்டாவதில் எதிரணியின் வலதுகோடியில்
புதிதாக ஒரு பொடியன். காற்று போல.
இரண்டாம் பாதியில் எதிரணி கோல் அடிக்கும்:
ஒன்றுக்கு இரண்டே கால்.
வாடகை போக மிஞ்சிய நாலாயிரத்தையும் வைத்தேன்.
சூதில்லை, கணக்கு, என்று சொல்லிக்கொண்டேன்,
உறைந்த மீன்கள் மறுக்கவில்லை.

அறுபது. அவன் ஏறவில்லை.
அறுபத்தைந்து. நடுக்கோட்டருகே நின்று
முன்னால் போ என்று
இன்னொருவனுக்குக் கையாட்டுகிறான்.
எழுபத்தொன்றில்
நான் எழுதிய இடத்துக்கே ஓடினான் பொடியன்,
நான் எழுதிய பாஸே வந்தது.
அங்கே
வாடகை கேட்டு வந்தவன் போல
மூன்றாம் எண் முன்பே நின்றிருந்தான்.
பந்தைச் சாவகாசமாக வெளியே தட்டினான்.
மூட்டைத் தடவிக்கொண்டான்.

யாரோ அந்த ஏழு ஆட்டங்களையும்
என்னைப் போலவே பார்த்திருக்கிறார்கள்.
ஒருவேளை அவனேதான்,
பகல் வேலை முடிந்து, ஏதோ ஒரு சமையலறையில்,
தன் முதுகைத் தானே
ஓட்டி ஓட்டிப் பார்த்து.
படிக்கப்படும் பக்கம்
தன்னைத் தானே திருத்தும் என்பது
என் கணக்கில் இல்லை.

கோலில்லாமல் முடிந்தது.
கையைக் கடித்தது, மறைக்க மாட்டேன்.
சம்பளம்வரை பதினெட்டு நாள்,
மண்டாசியும் பாலில்லாத தேநீரும்.
ஆனாலும் அந்த எழுபத்தொன்றில்
நாற்காலி சாய எழுந்து நான் கத்திய கத்தலுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஹாரன்.
எவ்வளவு ஜெயித்தாய், என்றான்
லாரியிலிருந்து எட்டிப் பார்த்த ஒபுயா.
அவன் வண்டி எண்ணை எழுதினேன்.
கீழே, சின்ன எழுத்தில்:
மூன்றாம் எண். இப்போது திரும்பி வருகிறான்.

அடுத்த சனிக்கிழமையின் விலைக்கு
இது இன்னும் தெரியாது.